எச்சரிக்கை மின்னஞ்சலைச் செயலாக மாற்றுவது எப்படி?

2017ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் திகதி மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது விண்டோஸ் இயங்குதளத்தில் இருந்த ஆபத்தான ஓர் ஓட்டையை அடைக்கும் இற்றைப்படுத்தலை வெளியிட்டது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவைக்குத் தகவல் தொழில்நுட்ப உதவி வழங்கிய என்எச்எஸ் டிஜிட்டல் என்ற அமைப்பு, அதை நிறுவும்படி அந்த மார்ச் மாதத்திலும் அடுத்த ஏப்ரலிலும் மருத்துவமனை நிருவாகங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. மே 12ஆம் திகதி கோப்புகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கோரும் வன்னாக்ரை என்னும் மென்பொருள் அதே ஓட்டையின் வழியே உலகெங்கும் பரவியபோது, இங்கிலாந்தின் 236 மருத்துவமனை நிருவாக அமைப்புகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. நோயாளர்களுக்கு வழங்கப்பட்டிருந்த 19,000க்கும் மேற்பட்ட முன்பதிவுகள் இரத்தாகியிருக்கும் என்று தேசிய சுகாதார சேவை மதிப்பிட்டதை அந்நாட்டின் தேசிய கணக்காய்வு அலுவலகம் பின்னர் தன் அறிக்கையில் வெளியிட்டது.

ஓட்டையை அடைக்கும் இற்றைப்படுத்தல் கைக்கு வந்து ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கடந்திருந்தன. எச்சரிக்கையும் உரிய காலத்தில் சென்று சேர்ந்திருந்தது. பெற்றவர்கள் சொன்னபடி செய்தார்களா என்று முறையாகப் பார்க்கும் ஏற்பாடு மட்டும் எவரிடமும் இருக்கவில்லை. தகவல் ஒருவரைச் சென்றடைவதற்கும் அவர் அதன்படி நடப்பதற்கும் இடையே உள்ள இந்த இடைவெளியைப் பற்றியதே இக்கட்டுரை. அந்த இடைவெளியைக் குறைப்பதற்கு, மனிதர்கள் உண்மையில் எவ்வாறு முடிவெடுக்கிறார்கள் என்ற ஆய்வறிவைப் பயன்படுத்தும் முறையை நடத்தை நுண்ணறிவு என்று அழைக்கிறார்கள். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வேர்ஸ்கி ஆகிய உளவியலாளர்கள் 1970களில் செய்த ஆய்வுகள் இத்துறைக்கு அடித்தளம் இட்டன. பிரித்தானிய அரசாங்கம் 2010ஆம் ஆண்டிலும், அவுஸ்திரேலிய அரசாங்கம் 2016ஆம் ஆண்டிலும் இதற்கெனத் தனிக் குழுக்களை அமைத்தன. வரிக் கடிதம், தடுப்பூசி அழைப்பு, மின்கட்டணப் பட்டியல் போன்ற சாதாரண அரச கடிதங்களின் சொல்லமைப்பை மாற்றி, எந்த வடிவத்துக்கு மக்கள் அதிகம் செவிசாய்க்கிறார்கள் என்று அளந்து பார்ப்பதே இத்தகைய குழுக்களின் முக்கியமான வேலைகளுள் ஒன்று. இணையப் பாதுகாப்பு எச்சரிக்கையும் அத்தகையதொரு கடிதமே.

இந்த விடயம் திருகோணமலைக்கு எவ்வகையிலும் தொலைவானது அன்று. மாவட்டச் செயலகத்திலிருந்து மூதூர், கிண்ணியா பிரதேச செயலகங்கள் வரையும், பாடசாலை அலுவலகங்களிலிருந்து உப்புவெளி, நிலாவெளி விடுதிகள் வரையும் அன்றாட வேலை மின்னஞ்சல் வழியாகவே நடக்கிறது. 2023ஆம் ஆண்டில் அரசாங்க மின்னஞ்சல் சேவையைத் தாங்கியிருந்த கணினிக் கட்டமைப்பு கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டு, மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் அழிந்தன; ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அங்கே இயங்கிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் 2023 ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது. புதிய பதிப்புக்கு மாறுவதற்கு நிதி ஒதுக்கீடும் மேல்மட்டத் தீர்மானமும் தேவைப்பட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும். பணமும் அதிகாரமும் வேண்டிய இடத்தில் நன்றாக எழுதிய மின்னஞ்சலால் எதுவும் ஆகாது. ஒரு தனி ஆள் தன் மேசையில் அமர்ந்தபடி பத்து நிமிடத்தில் செய்து முடிக்கக்கூடிய காரியங்களே எச்சரிக்கை மின்னஞ்சலுக்கு உரிய எல்லை.

அந்தத் தனி ஆளை முதலில் மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும். உப்புவெளியில் எட்டு அறைகள் கொண்ட ஒரு விடுதியின் முகாமையாளரை எடுத்துக்கொள்வோம். ஜூலை மாதம், கிழக்குக் கரையின் சுற்றுலாக் காலம். காலையில் புறாத்தீவுக்குப் படகு கேட்கும் விருந்தினர், பத்து மணிக்கு அறையைக் காலிசெய்யும் குடும்பம், நீர்த்தாங்கியைத் திருத்த வந்திருக்கும் ஆள், இவர்களுக்கு நடுவே அவர் கைத்தொலைபேசியில் மின்னஞ்சலைப் பார்க்கிறார். ‘முக்கிய பாதுகாப்பு அறிவித்தல்’ என்ற தலைப்பில் ஒரு மடல் வந்திருக்கிறது. அவர் அதைப் பிறகு பார்ப்பதாக ஒதுக்கிவைக்கிறார். அந்தப் பிறகு வருவதே இல்லை.

அவரைப் பொறுப்பற்றவர் என்று சொல்வது எளிது. ஆனால் அது தவறு. மைக்ரோசொப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த கோர்மக் ஹேர்லி 2009ஆம் ஆண்டு எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார். பாதுகாப்பு ஆலோசனைகள் ஒவ்வொன்றும் கோடிக்கணக்கான மக்களின் நேரத்தைக் கேட்கின்றன. அந்த நேரத்தின் மொத்தப் பெறுமதி பல வேளைகளில் அந்த ஆலோசனை தவிர்க்கும் இழப்பைவிட மிகுதியானது. ஆகவே பயனர் ஆலோசனையை ஒதுக்குவது பொருளாதாரக் கண்ணோட்டத்தில் நியாயமானதே என்பது அவர் வாதம். இதை நான் முழுமையாக நம்புகிறேன். எச்சரிக்கை எழுதுபவர் வாசகரின் பத்து நிமிடத்தைக் கடனாகப் பெறுகிறார். அந்தக் கடனைக் கேட்கும் தகுதி மடலுக்கு இருக்கிறதா என்பதை அனுப்புவதற்கு முன்னரே அவர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

நேரக் குறைவோடு இரண்டு மனப் போக்குகளும் சேர்ந்துகொள்கின்றன. நேரக்கூடிய தீமை பிறருக்கு நேரும், தனக்கு நேராது என்று எண்ணும் இயல்பை நீல் வைன்ஸ்டீன் என்ற உளவியலாளர் 1980ஆம் ஆண்டு ஆய்வில் காட்டினார். இன்று படும் சிறு தொல்லையை நாளை வரக்கூடிய பெரும் இழப்பைவிடப் பெரிதாக உணர்வது மற்றையது. கடவுச்சொல்லை மாற்றும் தொல்லை இப்போதே நிச்சயம். கணக்குப் பறிபோவது என்றோ ஒருநாள், ஒருவேளை. இவ்விரண்டையும் அறிவுரையால் மாற்ற முடியாது. மடலின் அமைப்பால் ஓரளவு ஈடுசெய்ய முடியும்.

எப்படி என்பதற்கு இந்தக் கரையிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் திருகோணமலைக்கு அண்மையில் கரையைக் கடந்தது. அத்தகைய வேளைகளில் கடற்றொழிலாளருக்கு வரும் அறிவித்தல், வளிமண்டல அமுக்கம் எவ்வாறு உருவாகிறது என்று விளக்கிக்கொண்டிருப்பதில்லை. எந்தக் கடற்பரப்பு, எப்போது, யார், என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது: மறு அறிவித்தல் வரை கடலுக்குச் செல்ல வேண்டாம், சென்றவர்கள் கரைக்குத் திரும்புங்கள். கேட்பவர் தன்னைக் குறித்துத்தான் சொல்லப்படுகிறது என்பதையும், செய்ய வேண்டியது எது என்பதையும் ஒரே மூச்சில் விளங்கிக்கொள்கிறார். இணையப் பாதுகாப்பு எச்சரிக்கைகள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக எழுதப்படுகின்றன. முதல் பந்தியில் தாக்குதலின் தொழில்நுட்ப வரலாறு, இரண்டாவதில் பாதிக்கப்பட்ட மென்பொருள் பதிப்புகளின் நீண்ட பட்டியல், மூன்றாவதில் ஏழெட்டுப் பரிந்துரைகள், கடைசியில் மேலதிக விபரங்களுக்கான முகவரி. ஒரு கணினிப் பொறியியலாளருக்கு இந்த ஒழுங்கு பொருந்தும். விடுதி முகாமையாளருக்கோ, பிரதேச செயலகத்தின் முகாமைத்துவ உத்தியோகத்தருக்கோ, தான் செய்ய வேண்டியது எந்த வரியில் இருக்கிறது என்பதே தெரியாது.

ஆகவே முதல் விதி, ஒரு மடலில் ஒரு செயல். இதைக் கடைப்பிடிப்பது சொல்வதைவிடக் கடினம், ஏனெனில் எழுதுபவருக்கு எல்லாமே முக்கியமாகத் தெரியும். ஒன்றை விட்டு, பின்னர் அதனால் தீங்கு வந்தால் பழி வரும் என்ற அச்சமும் இருக்கும். எட்டுப் பரிந்துரைகள் கொண்ட மடல் எழுதியவரைப் பாதுகாக்கிறது, வாசிப்பவரைப் பாதுகாப்பதில்லை. எட்டும் தேவையானால் எட்டு வெவ்வேறு காலங்களில் அனுப்பலாம். அவற்றுள் இப்போது நடந்துகொண்டிருக்கும் தாக்குதலை நிறுத்துவது எதுவோ அதுவே முதலில் செல்ல வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 2023ஆம் ஆண்டளவிலிருந்து பல நாடுகளில் விடுதி ஊழியர்களைக் குறிவைத்து ஒரு மோசடி பரவியிருக்கிறது. புக்கிங்.கொம் தளத்திலிருந்து வருவதைப் போன்ற போலி மின்னஞ்சலில், விருந்தினர் ஒருவர் கடுமையான முறைப்பாடு செய்திருப்பதாகவும் உடனே பதிலளிக்குமாறும் எழுதப்பட்டிருக்கும். இணைப்பைத் திறந்து சொன்னபடி செய்தால் விடுதியின் கணக்கு மோசடிக்காரர் கைக்குப் போய்விடும். அதன் பின் அதே கணக்கிலிருந்து உண்மையான விருந்தினர்களிடம் கடனட்டை விபரம் கேட்கப்படும். இதைப் பற்றி நிலாவெளி விடுதிகளுக்கு வழமையான பாணியில் மடல் எழுதினால், ‘விருந்தோம்பல் துறையை இலக்காகக் கொண்ட தூண்டில் தாக்குதல்கள் குறித்த அறிவுறுத்தல்’ என்று தலைப்பு அமையும். மாறாக, ‘விடுதி நடத்துபவர்களுக்கு: முறைப்பாட்டு மின்னஞ்சல் வந்தால் இணைப்பைத் தொடாதீர்கள்’ என்று எழுதலாம். தலைப்பே யாருக்கு, என்ன செய்ய என்று சொல்லிவிடுகிறது. மடலைத் திறக்காதவருக்கும் பாதிப் பயன் கிடைத்துவிடுகிறது. கைத்தொலைபேசித் திரையில் நீண்ட தலைப்புகள் பாதியில் வெட்டப்படுவதால், ஆளைக் குறிக்கும் சொல் முன்னால் வர வேண்டும்.

உள்ளே எழுதும் முதல் வாக்கியம் இப்படி இருக்கலாம்: ‘விருந்தினர் முறைப்பாடு என்று மின்னஞ்சல் வந்தால், அதை மூடிவிட்டு, நீங்கள் வழமையாக உள்நுழையும் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து முறைப்பாடு உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள்.’ இந்த வாக்கியத்தின் ‘வந்தால்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆராய்ச்சி மரபு இருக்கிறது. ‘இன்ன சூழ்நிலை வந்தால் இன்னதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே இணைத்து வைத்த எண்ணம், பொதுவான நல்லெண்ணத்தைவிட அதிகமாகச் செயலாகிறது என்பதை ஜேர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விற்சர் 1990களில் விரிவாக எடுத்துக்காட்டினார். ‘அவதானமாக இருங்கள்’ என்ற அறிவுரை எந்தச் சூழ்நிலையோடும் ஒட்டவில்லை; ஆகவே அது தேவைப்படும் கணத்தில் நினைவுக்கு வராது. முறைப்பாட்டு மின்னஞ்சலைக் கண்ட அதே கணத்தில் என்ன செய்வது என்பது மனதில் முன்பே பிணைக்கப்பட்டிருந்தால், யோசிக்க வேண்டிய தேவை குறைகிறது.

செயல் உடனடியாகச் செய்ய வேண்டியது அல்லாமல் பின்னர் செய்யக்கூடியதாக இருந்தால், நாளையும் நேரத்தையும் வாசகரே குறிக்கும்படி கேட்பது உதவும். அமெரிக்க நிறுவனமொன்றில் சளிக்காய்ச்சல் தடுப்பூசிக்கான அஞ்சல் அறிவித்தல்களைக் கொண்டு கேத்தரின் மில்க்மனும் சக ஆய்வாளர்களும் நடத்தி 2011ஆம் ஆண்டு வெளியிட்ட பரிசோதனையில், எந்த நாளில் எத்தனை மணிக்குப் போவேன் என்று எழுதும்படி தூண்டப்பட்டவர்களிடையே தடுப்பூசி பெற்றோர் வீதம் ஏறத்தாழ 4 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. மடலில் ஒரு வெற்றுக்கோடு சேர்ப்பதைத் தவிர இதற்கு வேறு செலவில்லை என்பதைப் பார்த்தால் 4 புள்ளிகள் சிறிய பலன் அன்று. கணினியின் தரவுகளை வெளி வன்தட்டில் பிரதி எடுத்து வைப்பது போன்ற வேலைகளுக்கு இது மிகவும் பொருந்தும்.

அச்சத்தைப் பயன்படுத்துவது பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் எச்சரிக்கை எழுதுபவர்கள் அதிகம் நாடும் கருவி அதுவே. சிவப்பு எழுத்து, பூட்டும் மண்டையோடும் கொண்ட படம், ‘உங்கள் வாழ்நாள் சேமிப்பு ஒரு நொடியில் பறிபோகலாம்’ என்ற வாசகம். அச்சமூட்டும் செய்திகளை ஆராய்ந்த கிம் விற்றே 1992ஆம் ஆண்டு முன்வைத்த கோட்பாட்டின்படி, ஆபத்து பெரிது என்று உணர்பவர் இரண்டு வழிகளில் ஒன்றில் போவார். தன்னால் அதைத் தடுக்க முடியும் என்று நம்பினால் ஆபத்தைக் கட்டுப்படுத்த முனைவார். முடியாது என்று தோன்றினால் தன் அச்சத்தைக் கட்டுப்படுத்த முனைவார். அதாவது மடலை மூடிவிடுவார், இது நமக்கானது அன்று என்று சொல்லிக்கொள்வார், அனுப்பியவரை நம்ப மறுப்பார். எனவே எத்தனை அச்சம் ஊட்டுகிறோமோ அத்தனை தெளிவான, தன்னால் இயலும் என்று வாசகர் நம்பக்கூடிய வழியையும் அதே மடலில் தர வேண்டும். வட்ஸ்அப் கணக்குகள் களவாடப்படுவது குறித்து எழுதும்போது களவின் விளைவுகளை மூன்று பந்திகளில் விவரிப்பதைவிட, செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று திரையில் தெரியும் அதே பெயர்களால் வழியைச் சொல்லி, அங்கே ஆறு இலக்க இரகசிய எண்ணை அமைப்பதற்கு ஒருசில நிமிடங்களே ஆகும் என்று எழுதுவது மேலானது.

இன்னொரு கருவி சமூக வழக்கு. பிறர் செய்வதை நாமும் செய்வோம் என்பது உண்மை. ஆனால் அது இரண்டு பக்கமும் வெட்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாக மாறிய பண்டைய மரத் துண்டுகள் நிறைந்த தேசியப் பூங்காவொன்றில், உளவியலாளர் ரொபேர்ட் சியால்டினியும் சக ஆய்வாளர்களும் இரண்டு வகை அறிவிப்புப் பலகைகளை வைத்துப் பார்த்தார்கள். ‘முன்பு வந்தவர்கள் பலர் துண்டுகளை எடுத்துச் சென்றதால் பூங்கா சீரழிகிறது’ என்ற பொருளில் எழுதிய பலகையருகே, அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் ஏறத்தாழ 8 சதவீதம் களவுபோயின. எடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்ட பலகையருகே 2 சதவீதத்துக்கும் குறைவாகவே போயின. பலர் செய்கிறார்கள் என்று குறைகூறுவது, செய்வது வழமைதான் என்ற அனுமதியாகவும் ஒலிக்கிறது. ‘நமது உத்தியோகத்தர்களில் பெரும்பாலானோர் இன்னும் பலவீனமான கடவுச்சொல்லையே பயன்படுத்துகிறார்கள்’ என்று சுற்றுநிருபம் எழுதும் நிருவாகம் அதே தவறைச் செய்கிறது. செய்தவர்களின் தொகை உண்மையாகவே பெரிதாக இருந்தால் அதைச் சொல்லலாம். சிறிதாக இருந்தால் தொகையைப் பற்றிப் பேசாமல் விடுவதே நல்லது. இல்லாத பெரும்பான்மையைப் புனைந்து எழுதுவதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது, ஏனெனில் எச்சரிக்கை அனுப்புபவரிடம் நம்பிக்கையைத் தவிர வேறு முதல் இல்லை.

அந்த நம்பிக்கை இத்துறையின் மிகக் கடினமான முடிச்சுக்கு நம்மைக் கொண்டுவருகிறது. உடனடித் தன்மை, அதிகாரமுள்ள அனுப்புநர், இழப்பைப் பற்றிய அச்சம், தனிப்பட்ட விளிப்பு, ஒரே ஓர் இலகுவான செயல்: நல்ல எச்சரிக்கையின் இந்தப் பண்புகள் யாவும் மோசடி மின்னஞ்சலின் பண்புகளும் ஆகும். பொதி ஒன்று காத்திருப்பதாகவும் சிறு தொகை செலுத்தும்படியும் அஞ்சல் திணைக்களத்தின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் இலங்கை முழுவதும் வந்தபோது, அவற்றை எழுதியவர்களும் மனித நடத்தையை நன்கு அறிந்தவர்களாகவே இருந்தார்கள். ஆகவே ‘கீழே அழுத்திக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்’ என்று நேர்மையான நிறுவனம் அனுப்பும் ஒவ்வொரு மடலும், மின்னஞ்சல் இணைப்பை அழுத்துவது பாதுகாப்பானது என்று வாசகரைப் பழக்குகிறது. ஒரு சொடுக்கில் வேலை முடிவது நடத்தை ஆய்வாளருக்கு இனிப்பாகத் தோன்றினாலும், இந்த ஓர் இடத்தில் அந்த இலகுவை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. கடவுச்சொல்லோ வங்கி விபரமோ தொடர்புபட்ட எச்சரிக்கையில் இணைப்பே இருக்கக்கூடாது. செல்ல வேண்டிய வழியைச் சொற்களால் எழுத வேண்டும். சரிபார்க்க விரும்புபவர், தான் ஏற்கனவே அறிந்த தொலைபேசி எண்ணுக்கு அழைக்கும்படி சொல்ல வேண்டும். மடலை எப்போதும் ஒரே முகவரியிலிருந்து, ஒரே பெயரில் அனுப்ப வேண்டும்.

எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் இன்னொரு சிக்கல் எழுகிறது. அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கணினித் திரையில் வரும் பாதுகாப்பு எச்சரிக்கைகளைப் பார்ப்பவர்களின் மூளைச் செயற்பாட்டைப் படம்பிடித்தபோது, இரண்டாம் முறை பார்க்கும்போதே அதன் எதிர்வினை வெகுவாகக் குறைவதைக் கண்டார்கள். தோற்றத்தை மாற்றி மாற்றிக் காட்டிய எச்சரிக்கைகளுக்கு அந்தத் தேய்வு மெதுவாகவே வந்தது. அனுப்புநர் பெயர் மாறக்கூடாது, உள்ளே இருக்கும் தோற்றம் அலுப்பூட்டக்கூடாது என்று இரண்டையும் சமன்செய்ய வேண்டியிருக்கிறது. இதற்கான சிறந்த தீர்வு வடிவமைப்பில் இல்லை. குறைவாக அனுப்புவதில் இருக்கிறது. உண்மையில் செயல் எதுவும் கேட்காத மடலை எச்சரிக்கை என்ற பெயரில் அனுப்பவே வேண்டாம்.

மொழியைப் பற்றிச் சுருக்கமாக: திருகோணமலை மாவட்டத்தில் மூன்று மொழிகளிலும் எழுத வேண்டும் என்பதில் ஐயமில்லை, ஆனால் மூன்றையும் ஒரே மடலில் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினால் இரண்டாவது, மூன்றாவது மொழி வாசகர்கள் தமக்குரிய பகுதியை எட்டுவதற்கு முன்பே விலகிவிடுவார்கள். பெயரைப் பதியும்போதே மொழியைக் கேட்டு, அந்த மொழியில் மட்டும் அனுப்புவது கூடுதல் வேலை ஒன்றும் இல்லை. நேரமும் அப்படியே. விடுதிகளுக்கான அறிவுறுத்தலைப் பருவம் தொடங்குவதற்கு முன், ஏப்ரலில் அனுப்பினால் படிப்பதற்கு ஓய்வு இருக்கும். நடந்துகொண்டிருக்கும் தாக்குதலைப் பற்றியதை உடனே அனுப்ப வேண்டும். மூதூர், கிண்ணியா அலுவலகங்களுக்கு ஜும்ஆத் தொழுகை நேரமான வெள்ளிக்கிழமை நண்பகலில் எதையும் அனுப்பிப் பயனில்லை.

இவற்றுள் எது நம்மவர்களிடம் வேலை செய்யும் என்பதை ஊகத்தால் முடிவு செய்யக்கூடாது. பெறுவோர் பட்டியலைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய வடிவத்தையும் மறுபாதிக்குப் புதிய வடிவத்தையும் ஒரே நேரத்தில் அனுப்பி ஒப்பிட வேண்டும். பெயர்களை அகரவரிசையில் நடுவே வெட்டிப் பிரிப்பது குலுக்கல் ஆகாது. ஒரு சமூகத்துக்குரிய பெயர்கள், அல்லது ஒரே குடும்பப் பெயரில் தொடங்கும் விடுதிகள் ஒரு பக்கத்தில் குவிந்துவிடக்கூடும். பட்டியலில் ஐம்பது பேர் மட்டும் இருந்தால் கிடைக்கும் வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம்; பல அமைப்புகள் சேர்ந்து ஒரே பரிசோதனையைச் செய்வது அப்போது பயன்தரும்.

எதை எண்ணுவது என்பதிலும் கவனம் வேண்டும். மடல் திறக்கப்பட்டதா என்ற கணக்கு இப்போது நம்பத்தக்கது அன்று. 2021ஆம் ஆண்டு முதல் அப்பிள் மின்னஞ்சல் செயலி, பயனர் திறக்காத மடலிலும் படங்களை முன்கூட்டியே தரவிறக்குவதால் எண்ணிக்கை ஊதிப்போகிறது. இணைப்பை அழுத்தியோர் கணக்கோ, இணைப்பையே தவிர்க்கச் சொன்ன மடலுக்குப் பொருந்தாது. அலுவலக மின்னஞ்சலை நிருவகிப்பவரால் எத்தனை கணக்குகளில் இரட்டைச் சரிபார்ப்பு, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் முறை, இயங்குகிறது என்று பார்க்க முடியும். மடலுக்கு முந்தைய வாரத்தின் எண்ணிக்கையையும் பிந்தைய இரண்டு வாரங்களின் எண்ணிக்கையையும் இரண்டு குழுக்களுக்கும் தனித்தனியே குறித்துவைக்கலாம். விடுதிகளைப் பொறுத்தவரை, சந்தேகத்துக்குரிய முறைப்பாட்டு மின்னஞ்சல்களை, இணைப்பைத் திறக்காமல், எச்சரிக்கை அனுப்பியவருக்கே சரிபார்ப்புக்கு அனுப்பிவைத்தவர்களின் தொகையே அளவுகோல்.